விசாவில் என்ன எழுதியிருக்கிறது?

2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்களின் 'பெம்பிளை ஒருமை' அமைப்பு தெருவில் இறங்கியபோது, கொழுந்து கிள்ளும் பெண்ணுக்குத் தினக்கூலி 232 ரூபாய். கேட்டது 500, கிடைத்தது 301. லயத்து வீடும் வேலை இருக்கும் வரைதான். அப்படிப்பட்டவரிடம் வந்து, "குவைத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும், கை நிறையச் சம்பளம், விசா இலவசம்" என்று ஒருவர் சொன்னால் மனசு அசையத்தான் செய்யும். கம்பத்திலோ போடியிலோ மூன்று சென்ட் இடம் வாங்கிவிடலாமே!

இதே பேச்சை நம்பிக் கேரளத்திலிருந்து குவைத்துக்குப் போன பெண்கள் சிலரின் வழக்கு 2022இல் கொச்சியில் வெளிவந்தது. திரும்பி வரவேண்டுமானால் லட்சக்கணக்கில் கட்டு என்றார்கள், அனுப்பிய ஏஜென்ட்கள். 'இலவச விசா' என்றால், நம்மை வைத்து வேறு யாரோ பணம் வாங்கியிருக்கிறார் என்று பொருள்.

பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அப்படிப்பட்ட பெண், 30 வயது நிறையாமல் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக முடியாது. 2016 முதல் அவரை அனுப்பும் பொறுப்பு அரசு நிறுவனங்களுக்குத்தான்: கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக், தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். கொழிஞ்சாம்பாறையிலோ குமுளியிலோ வீட்டுக்கே வந்து பேசும் 'சப் ஏஜென்ட்'டுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. அதனால்தான் அவர் விசிட் விசாவில் துபாய் போகச் சொல்வார், அங்கிருந்து வேறு நாட்டுக்கு மாற்றிவிடுவார். விசிட் விசாவில் போனவர் சட்டத்தின் கண்ணில் சுற்றுலாப் பயணி. சம்பளம் கேட்க அவரிடம் காகிதமே இருக்காது.

முறையாகப் போனவருக்கு உரிமை உண்டு. குவைத்தின் 2015ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டப்படி ஒரு நாள் வேலை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. வேலை முடிந்து கிளம்பும்போது, பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம். குறைந்தபட்சச் சம்பளம் 60 தினார், நம் பணத்தில் 16,000 ரூபாய்க்கு மேல். ஏஜென்ட் சொல்லும் தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படித்த பெண்களிடம் இப்போது ஜெர்மனியின் 'ஓ பேர்' பற்றிய பேச்சு. அது வேலையே அல்ல. 27 வயதுக்குள் இருப்பவர் ஒரு குடும்பத்தோடு அதிகபட்சம் ஓராண்டு தங்கி, வாரம் 30 மணி நேரத்துக்கு மிகாமல் குழந்தைகளைக் கவனித்துக்கொள்வார். சாப்பாடும் அறையும் அவர்கள் பொறுப்பு, கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ. ஊருக்கு அனுப்ப இதில் பெரிதாக மிஞ்சாது. மிஞ்சுவது ஜெர்மன் மொழி. பிறகு அங்கே நர்சிங் படிக்க நினைப்பவருக்கு அது பெரிய சொத்து. கடனை அடைக்கப் போகிறவருக்கு ஏமாற்றம்தான். இதற்கு லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட் வீட்டு வாசற்படியை மிதிக்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் நோர்க்காவின் 1800 425 3939 எண்ணில் கேளுங்கள். வெளிநாட்டில் போய்ச் சிக்கிக்கொண்டால் இந்தியத் தூதரகம். ஊரிலிருப்பவர்கள் வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்தில் புகார் பதியலாம். கிளம்பும் முன் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் படம் எடுத்து வீட்டில் ஒருவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டாலும், அதன் எண்ணை வைத்து உங்களைத் தேட முடியும்.