உங்களுக்குத் தெரியுமா? டீசல் எஞ்சினின் தலைகீழ் வெப்பம்

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் உரிய அளவைவிடச் சற்றுக் குறைந்தால் வெப்பம் மிகும். டீசல் எஞ்சினிலோ, உள்ளே வரும் காற்றுக்கு எரிபொருள் மிகுந்தால்தான் வெப்பம் ஏறும்.

• ஆகவே பிக்கப் வண்டியின் ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவியான டர்போவின் குழாய் கசிந்தாலோ, கரும்புகை, இழுவைக் குறைவு, மிகைவெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தே தோன்றக்கூடும்.

• வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் 1 பார் வரை ரேடியேட்டர் மூடி தாங்கி நிறுத்தினால், நீரின் கொதிநிலை 100 பாகையிலிருந்து ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்கு உயர்கிறது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு குறைகிறது.

• ரேடியேட்டர் நீரில் தொடர்ந்து குமிழிகள் எழுவது, சிலிண்டர் ஹெட்டின் அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட் பழுதடைந்திருக்கலாம் என்பதற்கு அறிகுறி.