சில நாள் தங்கல், பிறகு வீடு

அம்மாவுக்கு அவசரமாகக் கர்ப்பப்பை ஆபரேஷன். பையனைக் குளிப்பாட்டி ஊட்டிவிடும் பாட்டியோ போன மாதம் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அப்பா வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாது. அறிவுசார் குறைபாடுள்ள அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனை இரண்டு வாரத்துக்கு யார் பார்த்துக்கொள்வது?

இது ஒரு வகை நெருக்கடி. குழந்தை எப்போதும்போலத்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்பவர்தான் விழுந்துவிட்டார். இன்னொரு வகையில் குழந்தையே மாறிப்போகிறது. ராத்திரி தூங்குவதில்லை, தலையைச் சுவரில் மோதுகிறது, தங்கையைக் கடிக்கிறது. வீட்டில் எல்லோரும் ஓய்ந்துபோகிறார்கள். இரண்டுக்கும் உதவுவதுதான் குறுகிய காலத் தங்கல் பராமரிப்பு. சில நாள் வேறோர் இடத்தில் பாதுகாப்பாகத் தங்கிவிட்டு, குழந்தை வீடு திரும்புகிறது.

முதல் வகைக்குத் தேவை எளியது: பழகிய சாப்பாடு, நேரத்துக்கு மாத்திரை, பொறுமையான ஆள். இரண்டாவதில்தான் வேலை அதிகம். நல்ல மையம் குழந்தையை அடக்கப் பார்க்காது; காரணத்தைத் தேடும். முதலில் உடம்பைப் பார்ப்பார்கள். பேச்சு வராத குழந்தைக்குப் பல்வலியும் காதுவலியும் மலச்சிக்கலும் ‘முரட்டுத்தன’மாகவே வெளியே தெரியும். வயதுக்கு வந்த பெண்ணென்றால் மாதவிடாய் வலியாக இருக்கலாம். புதிதாகத் தொடங்கிய மருந்தையும் விசாரிக்க வேண்டும். வலிப்புக்குத் தரும் லெவெடிரசெட்டம் சில குழந்தைகளுக்கு எரிச்சலையும் கோபத்தையும் கொண்டுவரும். அதற்காகப் பெற்றோர் தாங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பலாம். உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான், கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, கடித்ததும் என்ன கிடைத்தது என்று குறித்து வைத்துப் பார்ப்பார்கள். வந்த அன்றே தூக்க மருந்து கொடுத்துப் படுக்கவைக்கும் இடத்தை நான் பராமரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

எத்தனை நாள் வரை குறுகிய காலம்? இங்கிலாந்தில் 2010-ஆம் ஆண்டு விதிகள் இதற்குக் கணக்கே வைத்திருக்கின்றன. ஒரு தங்கல் 17 நாளைத் தாண்டக் கூடாது. 12 மாதத்தில் எல்லாம் சேர்த்து 75 நாளைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதே இடத்திலோ அதே ஆளிடமோ தங்க வேண்டும். முடிந்ததும் பெற்றோரிடம் திரும்ப வேண்டும். இந்த வரம்புக்குள் இருந்தால்தான் எளிய நடைமுறை. மீறினால், அரசுப் பராமரிப்பிலுள்ள குழந்தைக்கான முழு விதிகளும் பொருந்தும்.

இந்தியாவில் 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கானது. அதன்கீழ் வந்த ‘சமர்த்’ திட்டம் நெருக்கடியில் உள்ள குடும்பங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆனால் அதே திட்டத்தில்தான் ஆதரவற்றவர்களுக்கான நீண்ட காலத் தங்கலும் வந்தது. இரண்டும் ஒரே கூரையின்கீழ் நடக்கும்போது ‘இன்னும் ஒரு மாதம் இருக்கட்டுமே’ என்று சொல்வது எல்லோருக்கும் வசதி. அதனால் சேர்க்கும் நாளிலேயே திரும்பும் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழையும் கேட்டுப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் பதிவில்லாமல் நடக்கக் கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம். கேட்பதில் கூச்சம் வேண்டாம். பெற்றோர் இருவருமே இல்லாமல் போய்விட்டார்கள், உறவும் இல்லை என்றால் 1098-ஐ அழைக்கலாம். மாவட்டக் குழந்தைகள் நலக் குழு பொறுப்பேற்கும்.

சேர்ப்பதற்கு முன் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும். மாத்திரையின் பெயர், அளவு, நேரம். வலிப்பு வந்தால் எப்படி இருக்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும். எந்த உணவு தொண்டையில் சிக்கும். பாத்ரூம் வருவதை எப்படிக் காட்டுவான். எந்தச் சத்தத்துக்குப் பயம், எந்தப் பாட்டுக்கு அடங்குவான். மருத்துவ ஃபைலில் இதில் பாதிகூட இருக்காது. பழைய போர்வையைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள். வீட்டு வாசம் இருந்தால் பல குழந்தைகள் சீக்கிரம் தூங்கிவிடும். எல்லோரும் நன்றாக இருக்கும்போதே ஒரு ராத்திரி தங்கவைத்துப் பழக்குவதும் நல்லது. பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் செய்வதில்லை. ‘பிள்ளையை ஹாஸ்டலில் தள்ளிவிட்டாள்’ என்று ஊர் பேசுமே என்ற பயம்தான் காரணம். அந்தப் பேச்சு பேசுகிறவர்கள் ஒரு ராத்திரி வந்து பார்த்துக்கொள்வதும் இல்லை.

திரும்பும் நாளில் பையோடு ஒரு தாளும் வர வேண்டும்: எந்த மருந்து மாறியது, எது கோபத்தைக் கிளப்பியது, அங்கே பலித்த எந்த வழியை வீட்டில் செய்ய முடியும். முடிந்தால் அம்மா அங்கேயே ஒரு பகல் இருந்து, ஊழியர் செய்வதைப் பார்த்துத் தானும் செய்து பார்க்கட்டும். முதல் வாரம் ராத்திரியில் கூப்பிட ஓர் ஆளின் போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.