கண்ணை மூடிக் கேட்போம்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முதியோர் வாக்கு. வழக்குகளுக்கும் அயல்வீட்டுச் சச்சரவுகளுக்கும் நாம் எடுத்தாளும் இம்முதுமொழி, இசை கேட்கும் பெட்டியொன்றை விலை கொடுத்து வாங்கும்போதும் நமக்கு வழிகாட்டும் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

வானொலிப் பெட்டி அருமையாயிருந்த காலத்தில், அஃது உள்ள வீட்டு விறாந்தையில் அயலவர் கூடியிருந்து கேட்பது யாழ்ப்பாணத்துக் கிராம வழக்கம். பின்னர் இசைத்தட்டும் ஒலிநாடாவும் வந்தன. 1982 ஆம் ஆண்டில் இறுவட்டு வெளியாயிற்று. இன்றோ தட்டுமில்லை, நாடாவுமில்லை. ஸ்ட்ரீமர் என்னும் பெட்டி, இணையத்தின் வழியே வரும் இசையை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. ஸ்கொத்லாந்து நாட்டு லின் நிறுவனம் 2007 ஆம் ஆண்டில் உயர்தர ஸ்ட்ரீமர் ஒன்றை வெளியிட்டது. 2009 ஆம் ஆண்டில் இறுவட்டு இயக்கிகளைச் செய்வதையே நிறுத்திவிடுவதாக அறிவித்தது.

அரியாலை போன்ற நம் ஊர்களில், பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் உழைத்தனுப்பும் பணத்தால் புதுவீடுகள் எழுகின்றன. அவ்வீட்டு மண்டபத்துக்கு நல்ல இசைப்பெட்டி வேண்டுமென்று விரும்புவதில் தவறில்லை. ஆனால் எளிய ஸ்ட்ரீமர் சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்க, மேல்தரமானது எனப்படுவது பல இலட்சம் ரூபாவாகிறது. பனியில் நின்று உழைத்த பணம் அது. அவ்வளவு பணத்துக்கு ஈடான இன்பத்தைச் செவி உண்மையில் பெறுகின்றதா? இதுவே நம் கேள்வி.

எண்கள் இசையாகும் விதம்

மாணவ நேயர்கள் இதனை ஊன்றிக் கவனிக்கவேண்டும். இறுவட்டில் ஒரு செக்கன் நேரத்து ஒலி 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 இலக்கங்களில் எழுதப்படுகிறது. இடம், வலம் என இரு தடங்கள் உண்டு. மூன்றையும் பெருக்கினால் செக்கனுக்கு 14,11,200 இலக்கங்களாகும். இவையனைத்தும் ஒன்றோ சுழியமோதான். மனிதச் செவி கேட்கக்கூடிய அதிர்வெண் ஏறக்குறைய 20 முதல் 20,000 வரை. கேட்கவேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேற்பட்ட முறை அளந்தால் ஒலியை முழுமையாக மீட்கலாம் என்பதைக் குளோட் ஷனன் என்னும் அறிஞர் 1949 ஆம் ஆண்டில் நிறுவினார். 44,100 என்ற எண்ணின் பொருத்தம் இப்பொழுது விளங்கும்.

இவ்வெண்கள் இணையத்தில் சிறு பொதிகளாக வருகின்றன. வழியில் ஒரு பொதி கெட்டால் அது மீண்டும் கேட்டுப் பெறப்படுகிறது. பெட்டி அவற்றைச் சிறிது நேரம் சேர்த்து வைத்துப் பின் ஒழுங்காக வெளியிடுகிறது. கடிதம் கொணர்ந்த துவிச்சக்கரவண்டி பழையதென்பதால் கடிதத்தின் எழுத்து மாறுவதில்லை. அதுபோல, எண்கள் சரியாக வந்து சேர்ந்தபின் அவை வந்த கம்பியின் விலை இசையை மாற்றாது. வேறுபாடு தோன்றக்கூடிய இடம், எண்களை மின்னோட்டமாக்கும் உறுப்பும் அதனை அடுத்த சுற்றுக்களுமே. இத்துறையில் கைத்தொழில் இன்று மிக முன்னேறியிருப்பதால், விலை குறைந்த பெட்டிகளிலும் நல்ல உறுப்புக்கள் அமைந்துள்ளன.

கண் செய்யும் சூழ்ச்சி

எனினும், விலையுயர்ந்த பெட்டியைக் கேட்டவர் பலர், "மேகம் விலகி நிலவு தெரிந்தாற்போல் இருந்தது" என்கின்றனர். அவர்கள் பொய்யுரைப்பவரல்லர். அங்ஙனம் தோன்றியது உண்மையே. தோற்றுவித்தது செவியா, கண்ணா என்பதே வினா.

1994 ஆம் ஆண்டில் டூல், ஒலிவ் என்னும் இரு அறிஞர் ஒலிபெருக்கிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினர். கேட்போர் ஒருமுறை திரைக்கு அப்பாலுள்ள ஒலிபெருக்கிகளைக் கேட்டனர்; மறுமுறை அவற்றைக் கண்ணால் கண்டுகொண்டு கேட்டனர். கண்டபோது பெரிய, அழகிய பெட்டிகளுக்குப் புள்ளிகள் உயர்ந்தன. சிறிய, மலிவான பெட்டிக்குக் குறைந்தன. ஒலி மாறவில்லை. அதனை அறிந்த கண்தான் குறுக்கே வந்தது.

2007 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேயர், மோரன் என்போர் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. இறுவட்டினும் நுட்பமாகப் பதிவான இசையையும், அதே இசையை இறுவட்டின் அளவுக்குக் குறைத்ததையும் எது எதுவென்று கூறாது ஒலிக்கச் செய்து, வேறுபாடு கண்டுபிடிக்குமாறு கேட்டனர். 554 முறைகளில் 276 முறை விடை சரியாயிற்று. நாணயத்தைச் சுண்டி விடை கூறினாலும் இவ்வளவே கிடைக்கும்.

மறுபக்கத்தையும் கூறுவது நீதி. 2016 ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த ஜோஷுவா றீஸ் என்பவர் 18 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணித்தார். 12,500க்கு மேற்பட்ட சோதனைகளில் 52.3 வீதம் சரியாயிருந்தது. பயிற்சி பெற்றவர் சற்றுக் கூடுதலாகத் தேறினர். ஆகவே வேறுபாடு அறவே இல்லை என்று அடித்துக் கூறலாகாது. இருப்பினும் அது நிலவுக்கும் மேகத்துக்கும் உள்ள வேறுபாடன்று, நூலிழை அளவேயாம்.

வீட்டிலே ஒரு பரீட்சை

ஆய்வுகூடம் செல்லாமலே இதனை நாமும் பரீட்சிக்கலாம். நண்பரிடம் இரவல் பெற்ற பெட்டியொன்றும் நம் பெட்டியொன்றுமாக இரண்டு இருந்தாற் போதும்.

முதலாவது, ஒலியின் உரப்பைச் சமப்படுத்தவேண்டும். ஒன்று மற்றதிலும் அற்பமாக உரத்து ஒலித்தாலும், செவி அதனை "உரத்தது" என்று கூறாது "தெளிவானது" என்று கூறிவிடும். கடையிலே பலர் ஏமாறுவது இங்கேதான். ஒரே தொடர்தொனியை இரு பெட்டிகளிலும் ஒலிக்கவிட்டு, ஒலிபெருக்கி முனைகளிலுள்ள மின்னழுத்தத்தை மின்வேலை செய்பவரின் மானியால் அளந்து, நூற்றில் ஒரு பங்குக்குள் சமமாக்கினால் வேறுபாடு 0.1 டெசிபெல்லிலும் குறைந்துவிடும்.

இரண்டாவது, பெட்டிகளைத் துணியால் மறைக்கவேண்டும். வீட்டார் ஒருவர் நாணயம் சுண்டி அதன்படி பெட்டியை மாற்றி, எது ஒலித்ததென்று குறித்துக்கொள்ளட்டும். முகபாவமும் துப்பாகும், ஆதலின் அவர் நமக்குப் பின்னால் நிற்பது நன்று.

மூன்றாவது, ஒரே பாட்டின் ஒரே பகுதியைப் பத்து முறை கேட்கவேண்டும். பத்தில் ஏழு சரியானால் மகிழவேண்டாம். வெறும் ஊகத்தாலும் ஏழோ அதற்கு மேலோ சரியாக வருவது ஏறக்குறைய ஆறில் ஒருமுறை நேரும். ஒன்பது சரியானால் மதிக்கலாம். அது நூற்றில் ஒருமுறையே தற்செயலாக நிகழும். பாட்டனாரோடு பேரப்பிள்ளைகளும் அமரட்டும். அறுபதை எட்டியவருட் பலருக்கு மிக உயர்ந்த அதிர்வெண்கள் கேட்பதில்லை. சிறுவர் செவியே அவற்றைத் தெளிவாக அறியும்.

எதனைக் கேட்பது?

தம்புராவின் நாதம் பாட்டுக்கு அடியில் அறாது ஓடுகின்றதா? வீணையின் கமகத்தில் ஒரு மீட்டுக்குப்பின் தேயும் சுரம் இறுதிவரை கேட்கின்றதா? தவிலில் விரற்கூடு படும் வலந்தலையும் கழி படும் இடப்புறமும் வெவ்வேறாக நிற்கின்றனவா? இவற்றைக் கவனித்தல் வேண்டும். ஆனால் அசலை அறியாதவர் பிரதியை எங்ஙனம் மதிப்பிடுவர்? அரியாலைச் சித்திவிநாயகர் கோயில் வீதியில் நின்று நாதஸ்வரம் கேட்ட செவிக்கும், மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெயரால் விளங்கும் நுண்கலை நிறுவனத்து மாணவரின் வாய்ப்பாட்டைக் கிட்ட இருந்து கேட்ட செவிக்கும் ஓர் அளவுகோல் உண்டு. அது விலைக்குக் கிடைப்பதன்று.

பதிவின் தரத்தையும் மறத்தலாகாது. 1975 ஆம் ஆண்டில் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் வாசிப்பைப் பழைய ஒலிநாடாவிலிருந்து கேட்கும்போது, எந்த இலட்ச ரூபாப் பெட்டியும் நாடாவின் இரைச்சலை நீக்கித் தராது. ஆயினும் அக்கைவண்ணம் அவ்விரைச்சலைக் கடந்து வந்து நம்மைப் பிணிக்கின்றது.

பணம் செல்லவேண்டிய வழி

அப்படியாயின் எதற்குச் செலவிடுவது? முதற்கண், அறைக்கு. வழவழப்பான தரையும் வெறுஞ்சுவரும் கண்ணாடி யன்னலும் உள்ள புது மண்டபத்தில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஓசை மோதித் திரும்பிச் சிதறும். தரையில் தடித்த விரிப்பும் யன்னலுக்குக் கனத்த திரையும் சுவரோரம் புத்தக அலுமாரியும் வைத்தால், அதே பெட்டி வேறு பெட்டிபோல் ஒலிக்கும். ஒலிபெருக்கிகளை மூலையிலிருந்து சிறிது முன்னே இழுத்து, அவை இரண்டும் நாம் அமரும் இடமும் சமபக்க முக்கோணமாக அமையச் செய்வதற்கு ஒரு சதமும் வேண்டியதில்லை.

அடுத்து, நல்ல ஒலிபெருக்கிகளுக்கு. இசைப் பொறிகளுள் மிகுந்த வேறுபாடு காட்டுவன அவையே. ஸ்ட்ரீமருக்கு வேண்டியவை சில: எண்களைக் குறைக்காது முழுமையாக ஒலிக்கும் ஆற்றல், முதியவரும் இயக்கக்கூடிய எளிமை, பழுதானால் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ திருத்தும் வசதி. இதற்கான மென்பொருளைச் செய்தவர் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், விலையுயர்ந்த பெட்டியும் வெறும் அலங்காரப் பொருளாகிவிடும் என்பதை வாங்குமுன் எண்ணவேண்டும்.

அழகிய பொருளை அழகுக்காக வாங்குபவரை நாம் குறைகூறவில்லை. பணமுடையார்க்கு அது உரிமை. ஆனால் அழகுக்குக் கொடுத்த விலையைச் செவியின் கணக்கில் எழுதலாகாது. கடைக்காரர் சொல்லையும் விளம்பரத்தையும் நம்புமுன், துணியொன்றால் பெட்டியை மூடுங்கள், பத்துமுறை கேளுங்கள். அதன் பின்னரே பணப்பையைத் திறவுங்கள்.