சேர் பொன். இராமநாதனும் எமது வாக்கும்

திருநெல்வேலிச் சந்தைக்கு விடியற்காலையில் மரக்கறி கொண்டுவரும் கமக்காரர் சிலருக்குச் சொந்தக் காணி வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த நாளிலிருந்து அவர்கள் குத்தகைத் தோட்டத்திலேயே பாடுபடுகிறார்கள். சந்தையிலிருந்து சிறிது தூரம் போனால் பரமேசுவராச் சந்தி வரும். அங்கேயே இராமநாதன் வீதியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இந்தப் பெயர்களை நாம் நாள்தோறும் சொல்கிறோம். இவற்றின் பின்னால் இருக்கும் மனிதர் ஐம்பது ஆண்டுகளுக்கு இடையில் பல தடவை எமது நாட்டின் சட்டசபையில் இருந்தவர். அவரது வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு.

நியமனம் பெற்ற பிரதிநிதி

பொன்னம்பலம் இராமநாதன் 1851ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் மானிப்பாய். கொழும்பு அக்கடமியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்து அப்புக்காத்தானார். 1879இல் அவரது தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி காலமானார். மாமன் வகித்த தமிழ்ப் பிரதிநிதிப் பதவி மருமகனுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 28.

அன்றைய சட்ட நிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் ஆறு பேர் மட்டுமே. ஐரோப்பியர் மூவர், சிங்களவர், தமிழர், பறங்கியர் ஒவ்வொருவர். இவர்களைத் தெரிவு செய்தவர் தேசாதிபதி. திருநெல்வேலியில் துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்த கமக்காரரிடம் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

1892 முதல் 1906 வரை இராமநாதன் சொலிசிற்றர் ஜெனரலாகக் கடமையாற்றினார். 1911இல் படித்த இலங்கையருக்கென ஓர் ஆசனம் ஏற்படுத்தப்பட்டது. இலங்கையர் தமக்கென ஒருவரை வாக்களித்துத் தெரிவு செய்த முதல் ஆசனம் அதுதான். சேர் மார்க்கஸ் பெர்னாண்டோவை எதிர்த்து இராமநாதன் வென்றார். சிங்கள வாக்காளரும் பெருமளவில் அவரையே ஆதரித்தனர். ஆனால் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தோர் முழுத் தீவிலும் ஏறத்தாழ 3,000 பேர் மாத்திரமே. ஆங்கிலம் படித்த ஆண்களுக்கே அந்த உரிமை இருந்தது.

1915இல் சிங்கள முஸ்லிம் கலவரத்தை அடக்க அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. பலர் சுடப்பட்டனர். சிங்களத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். இராமநாதன் அந்தக் கொடுமையைச் சபையிலே அஞ்சாமல் எடுத்துரைத்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில் கப்பலேறி இங்கிலாந்து சென்று நியாயம் கேட்டார். திரும்பி வந்தபோது கொழும்பு மக்கள் அவரது வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர். தன் இனத்தவர் அல்லாதவருக்காகவும் பேசுகிறவனே உண்மையான பிரதிநிதி என்பதற்கு இதனிலும் நல்ல எடுத்துக்காட்டு எமது வரலாற்றில் அரிது.

கொடுத்ததும் மறுத்ததும்

1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்காக இராமநாதன் கல்லூரியை நிறுவினார். 1921இல் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியைத் தொடங்கினார். இவற்றுக்குத் தமது சொந்தப் பொருளையே செலவிட்டார். 1974இல் பரமேசுவராக் கல்லூரி வளவிலேயே பல்கலைக்கழக வளாகம் ஆரம்பமானது. இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் அங்கு படித்துப் பட்டம் பெற்றிருக்கிறார்கள்.

ஆனால் முதுமையில் அவர் எடுத்த ஒரு நிலைப்பாட்டை நாம் மறைக்கக்கூடாது. 1928இல் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது. இராமநாதன் அதனை வன்மையாக எதிர்த்தார். கல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் சாதியால் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் வாக்கு வழங்குவதை அவர் விரும்பவில்லை. தொகையில் சிறிய இனம் பெரிய இனத்தின் கைக்குள் போய்விடும் என்றும் அஞ்சினார். அந்த அச்சம் வீணானதல்ல. சுதந்திரம் கிடைத்து ஓர் ஆண்டுக்குள் மலையகத் தமிழரின் குடியுரிமையும், அதைத் தொடர்ந்து அவர்களது வாக்கும் பறிபோயின. எனினும் அச்சத்துக்கு மருந்து, ஏழையின் வாக்கை மறுப்பதல்ல. பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர் அவர்களுக்கு வாக்கு வேண்டாம் என்றது எமக்கு இன்றும் விளங்காத முரண்பாடு.

1930 நவம்பரில் அவர் காலமானார். 1931இல் 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்குப் பெற்றனர். அந்த முதற் தேர்தலை யாழ்ப்பாணக் குடாநாடு பகிஷ்கரித்தது. முழுச் சுயராச்சியம் தரப்படவில்லை என்பதே காரணம். நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன.

இன்று நாம் செய்யக்கூடியது

அன்று ஆசனம் வெறுமையாக இருந்தது. இன்று ஆசனமே குறைந்துகொண்டு வருகிறது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 பாராளுமன்ற ஆசனங்கள் இருந்தன. 2015இல் அவை 7 ஆயின. 2024இல் 6 ஆயின. பதிவு செய்த வாக்காளரின் தொகையைக் கொண்டே ஆசனங்கள் பங்கிடப்படுகின்றன. போரிலே இறந்தோரையும் நாட்டை விட்டுப் போனோரையும் நாம் இடாப்பில் எழுத முடியாது. இங்கே இருந்தும் பெயர் பதியாதவரை எழுதலாம்.

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இதிலே தனிக் கஷ்டம் உண்டு. காணி ஓரிடம், குடியிருப்பு வேறிடம், வாடகை வீடோ ஆண்டுக்கு ஆண்டு மாறும். "எங்கே பதிவது?" என்று யோசித்திருக்கையில் பெயர் விடுபட்டுப் போகிறது. ஒவ்வொரு ஆண்டும் இடாப்பைத் திருத்தும் காலத்தில் கிராம அலுவலரிடம் போய், வீட்டிலுள்ள 18 வயது நிரம்பியவர் எல்லோரின் பெயரும் இருக்கிறதா எனக் கேட்டுப் பாருங்கள். பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போது வதிவிடத்தைக் காட்டவும் அந்தப் பதிவு உதவும்.

இராமநாதனுக்கு அன்று கமக்காரரின் வாக்குத் தேவைப்படவில்லை; அவர் கொடுத்ததை மக்கள் பெற்றுக்கொண்டார்கள். இன்றைய பிரதிநிதிக்கு எமது வாக்குத் தேவை. ஆகவே எமது காணி எப்போது விடுபடும், கிணறும் வரம்பும் எப்போது எமது கைக்கு வரும் என்று அவரிடம் கேட்கும் உரிமை எமக்கு உண்டு. பெயர் இடாப்பில் இருந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பலம் இருக்கும். உங்கள் கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் இதனை முதல் விடயமாக எடுத்துப் பேசுங்கள்.