நினைவு போனால் வாழ்வு போகுமா?

விடியற்காலை. மாரிக்குப்பம் ரயில் நிலையம். நல்ல கூட்டம். கோலார் தங்கவயலில் இருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ரயில் ஏறுகிறார்கள். நமக்குப் பழகிய காட்சிதான்.

ரயில் பெங்களூர் போய்ச் சேருகிறது. நீங்கள் இறங்குகிறீர்கள். திடீரென்று எதுவும் நினைவில் இல்லை. இது எந்த ஊர்? தெரியவில்லை. எதற்காக வந்தோம்? தெரியவில்லை. உங்கள் பெயர் என்ன? அதுவும் தெரியவில்லை.

இப்படியும் நடக்குமா? நடக்கும். நம் நாட்டு ரயில் நிலையம் ஒன்றிலேயே நடந்திருக்கிறது.

செகந்திராபாத்தில் நடந்தது

2002ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம். ஐதராபாத்தை அடுத்த செகந்திராபாத் ரயில் நிலையம். அங்கே ஓர் இளைஞர் திகைத்துப் போய் நின்றார். அவர் பெயர் டேவிட் மக்லீன். வயது 28. அமெரிக்காவில் இருந்து படிப்புக்காக இந்தியா வந்தவர். ஆனால் இது எதுவும் அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாது. தன் பெயரே தெரியாது.

ஒரு போலீஸ்காரர் அவரைக் கவனித்தார். பத்திரமாக அழைத்துப் போய் உதவினார். பிறகு அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

போதைப் பழக்கத்தால் இப்படி ஆகியிருக்கும் என்று முதலில் அவரிடம் சொல்லப்பட்டது. அவரும் அதை நம்பிவிட்டார். தான் செய்யாத தப்புக்காக வருந்தினார். தன்னைக் கெட்டவன் என்றே நினைத்தார்.

உண்மையான காரணம் வேறு. மலேரியா வராமல் இருக்க அவர் ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார். அதன் பெயர் மெஃப்ளோகுயின். சிலருக்கு அது மூளையைப் பாதிக்கும். இது பிறகுதான் தெரிந்தது. எல்லா மலேரியா மருந்தும் அப்படி அல்ல. டாக்டர் தந்த மருந்தைப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். உடம்பில் மாற்றம் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டேவிட்டின் பெற்றோர் அமெரிக்காவில் இருந்து வந்தார்கள். அவரை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அவர் பழைய போட்டோக்களைப் பார்த்தார். சொந்தக்காரர்களும் நண்பர்களும் சொன்னதைக் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத் தெரிந்துகொண்டார். பல நினைவுகள் திரும்பின. எல்லாம் திரும்பவில்லை. ஆனாலும் அவர் வாழ்ந்து காட்டினார். 2014இல் தன் கதையைப் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நினைவு இழந்தவர் நாம் சொல்வதை வைத்துத்தான் தன்னை அறிகிறார். ‘நீ நல்லவன்’ என்றால் நம்புவார். ‘நீ குடிகாரன்’ என்றாலும் நம்புவார். அதனால் அவரிடம் உண்மையையே சொல்ல வேண்டும். அன்பாகச் சொல்ல வேண்டும்.

நினைவு ஏன் போகிறது?

காரணங்கள் பல. தலையில் பலமான அடி ஒரு காரணம். தங்கவயல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுரங்கத்தில் பாறை வெடித்துச் சிதறும். அதை ‘ஏர் பிளாஸ்ட்’ என்று சொல்வோம். அதில் எத்தனையோ பேர் அடிபட்டார்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. இப்போது தலையில் அடிபடுவது பெரும்பாலும் சாலை விபத்தில். ஹெல்மெட் போட்டால் தலை தப்பும். நினைவும் தப்பும்.

மூளைக் காய்ச்சல் வந்தாலும் நினைவு போகலாம். மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டாலும் போகலாம். தாங்க முடியாத அதிர்ச்சியாலும் சிலருக்குப் போவது உண்டு.

குடியும் ஒரு காரணம். வருஷக்கணக்காகக் குடித்துவிட்டு, சரியாகச் சாப்பிடாமல் இருப்பவர்கள் உண்டு. அவர்கள் உடம்பில் பி1 என்ற சத்து குறைந்துபோகும். அதனால் மூளை கெடும். காலையில் நடந்தது மாலையில் நினைவில் இருக்காது.

இது பேய் பிடித்தது அல்ல. யாரோ வைத்த செய்வினையும் அல்ல.

சினிமாவில் வருவது போலவா?

‘மூன்றாம் பிறை’ படம் பார்த்திருப்பீர்கள். 1982இல் வந்தது. விபத்தில் அடிபட்ட பெண் தன் பழைய வாழ்க்கையை மறந்துபோகிறாள். சின்னக் குழந்தை போல ஆகிவிடுகிறாள். கடைசியில் வைத்தியம் பார்த்ததும் எல்லாம் ஒரே நாளில் திரும்பி வருகிறது. படம் பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

நிஜ வாழ்க்கையில் அப்படி நடப்பது அபூர்வம். பெரும்பாலும் நினைவு மெதுவாகத்தான் திரும்பும். சிலருக்குப் பாதிதான் திரும்பும். மறுபடி தலையில் அடித்தால் நினைவு வரும் என்பது பொய். அது ஆபத்து. உயிரே போகலாம்.

தலை மறந்தாலும் கை மறக்காது

நினைவு என்பது ஒரே பெட்டியில் வைத்த பொருள் அல்ல. அது பல வகை. நேற்று என்ன நடந்தது என்பது ஒரு நினைவு. பேசத் தெரிவது இன்னொன்று. சைக்கிள் ஓட்டுவது, பூக் கட்டுவது, மாவு பிசைவது எல்லாம் கைப்பழக்கம். அதுவும் ஒரு வகை நினைவுதான். ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும்.

இதை உலகத்துக்குக் காட்டியவர் ஹென்றி மோலைசன். அமெரிக்காவைச் சேர்ந்தவர். அவருக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953இல் மூளையில் ஆபரேஷன் செய்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் புதிதாக எதுவும் அவர் மனதில் நிற்கவில்லை. இப்போது பார்த்த ஆளைச் சற்று நேரத்தில் மறந்துவிடுவார்.

பிரெண்டா மில்னர் என்ற பெண் விஞ்ஞானி அவரைச் சோதித்துப் பார்த்தார். ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அதன் மேல் கோடு போடச் சொன்னார். கண்ணாடியில் எல்லாம் மாறித் தெரியும். அதனால் இது கஷ்டமான வேலை. ஹென்றி மூன்று நாள் செய்தார். நாளுக்கு நாள் கோடு நேராக வந்தது. ஆனால் மூன்றாம் நாளும் ‘இதை நான் இதற்கு முன் செய்ததே இல்லை’ என்றுதான் நினைத்தார்.

பார்த்தீர்களா? அவருக்கு நினைவில்லை. ஆனால் அவர் கை கற்றுக்கொண்டது. அதனால் நினைவு இழந்தவரைச் சும்மா உட்கார வைக்கக் கூடாது. தெரிந்த வேலையைக் கையில் கொடுங்கள். தையல் தெரிந்தவருக்குத் துணியைக் கொடுங்கள். சமையல் தெரிந்தவருக்கு முருங்கைக்கீரையை ஆயக் கொடுங்கள். நெருப்புப் பக்கம் மட்டும் யாராவது கூட இருங்கள்.

மீண்டும் வாழ வைப்பது எப்படி?

முதல் வேலை மருத்துவம். திடீரென்று நினைவு தடுமாறினால் தாமதம் வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள். பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. மூளை நோய்க்கும் மன நோய்க்கும் பெயர் பெற்ற அரசு நிறுவனம் அது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். காசு வேண்டாம்.

மருந்து பாதி. மீதி வீட்டில் இருப்பவர்கள் கையில்.

சோதிக்காதீர்கள். ‘நான் யார், சொல் பார்க்கலாம்’ என்று கேட்காதீர்கள். அவர் கூசிப்போவார். தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பே மனதில் பதியலாம். ‘அண்ணே, நான் உன் தங்கச்சி’ என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பத்துத் தடவை மறந்தாலும் பத்துத் தடவை சொல்லுங்கள்.

பொருளுக்கு ஓர் இடம் வையுங்கள். சாவி ஆணியில். மாத்திரை அலமாரியில். தினமும் அதே இடம். சாப்பாடு, குளியல், நடை எல்லாம் தினமும் அதே நேரம்.

டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டுங்கள். இது உப்பு. இது சர்க்கரை. போட்டோவின் பின்னால் யார் யார் என்று எழுதுங்கள். சட்டைப் பையில் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டு எப்போதும் இருக்கட்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். முதல் பக்கத்தில் அவர் பெயர், ஊர், வீட்டில் இருப்பவர்கள் பெயர். அடுத்த பக்கத்தில் இருந்து ஒவ்வொரு நாளும் நடந்தது. முடிந்தால் அவரே எழுதட்டும். முடியாவிட்டால் அவர் சொல்ல நீங்கள் எழுதுங்கள். காலையில் எழுந்ததும் அவர் அதைப் படிக்கட்டும். அந்த நோட்டுதான் அவருக்கு நினைவு.

இன்னொரு முக்கியமான விஷயம். நினைவு இழந்தவரிடம் யாரும் எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க விடாதீர்கள். வீடும் பணமும் பறிபோனது அவருக்குத் தெரியாமலே போய்விடும். நீங்கள் படித்துப் பாருங்கள். நீங்கள் கேள்வி கேளுங்கள்.

நினைவு எங்கே இருக்கிறது?

ஒருவரின் நினைவு அவர் தலைக்குள் மட்டும் இல்லை. அவர் பிறந்த லைன் வீட்டில் இருக்கிறது. கூட வேலை செய்தவர்களிடம் இருக்கிறது. அவர் அம்மாவிடம் இருக்கிறது. எந்த ஷாஃப்ட்டில் இறங்கினார், எந்தப் பாட்டுக்கு ஆடினார் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். எல்லாரும் சேர்ந்து கொடுத்தால் அவருக்கு அவர் திரும்பக் கிடைப்பார்.

சுரங்கம் மூடியபோது தங்கவயல் மக்களும் ‘இனி நாம் யார்?’ என்று கேட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் நடந்த வேலை நின்றுபோனது. ஆனாலும் அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. ரயில் ஏறினார்கள். புதிய வேலை கற்றார்கள். வாழ்வைத் திரும்பக் கட்டலாம் என்று நம் ஊருக்குத் தெரியும்.

எழுதிப் பாருங்கள்

நீங்கள் இப்போது எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஒரு நோட்டு எடுங்கள். உங்கள் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த லைன், செய்த வேலை, பிடித்த சாப்பாடு, நெருங்கிய நண்பர்கள் எல்லாம் எழுதுங்கள். பிறகு வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரைக் கேட்டு, அவரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதுங்கள். இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

பேசிப் பாருங்கள்

உங்கள் தெருவில் மறதியால் கஷ்டப்படுகிறவர் யாராவது இருக்கிறாரா? அவரை ஊர் எப்படி நடத்துகிறது? அவருக்காக நீங்கள் நாளை என்ன செய்யலாம்?