குப்பையோடு போகும் கடிதங்கள்

2010 ஜனவரி முதல் நாள், மின்னஞ்சல் சர்வர்களைப் பராமரிப்போர் பலர் ஒரு விந்தையைக் கண்டனர். முந்தைய இரவு வரை முறையாக வந்து சேர்ந்த கடிதங்களில் பல, திடீரெனக் குப்பை அஞ்சல்கள் என முத்திரை குத்தப்பட்டன. அனுப்பியவர்கள் மாறவில்லை, அவர்கள் எழுதும் முறையும் மாறவில்லை. மாறியது ஆண்டு மட்டுமே.

'ஸ்பேம்அசாசின்' என்ற வடிகட்டி மென்பொருளில் இருந்த ஒரே ஒரு விதிதான் இதற்குக் காரணம். ஜஸ்டின் மேசன் என்பவர் 2001-இல் வெளியிட்டு, பின்னர் அப்பாச்சி அறக்கட்டளையின் பொறுப்பில் வளர்ந்த மென்பொருள் இது. கட்டணமின்றிக் கிடைப்பதால், சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் வைத்திருக்கும் நிறுவனங்கள் பலவும் இதனை நாடின. தேதியை எதிர்காலத்துக்கு மாற்றி அனுப்பினால், தேதிவாரியாக அடுக்கப்படும் அஞ்சல் பெட்டியில் அக்கடிதம் எப்போதும் மேலேயே நிற்கும். குப்பை அஞ்சல் அனுப்புவோரின் பழைய தந்திரம் இது. அதைப் பிடிப்பதற்காக, 2010 முதல் 2099 வரையிலான எந்த ஆண்டைக் கண்டாலும் 'தொலைதூர எதிர்காலம்' எனக் கருதும்படி விதி எழுதப்பட்டது. எழுதிய காலத்தில் அது சரிதான். எதிர்காலம் வந்த பிறகும் விதி அப்படியே இருந்தது. மேம்பாட்டுப் பதிப்பில் பிழை முன்னரே திருத்தப்பட்டிருந்தும், பயன்பாட்டில் இருந்த சர்வர்களுக்கு அத்திருத்தம் சென்று சேரவில்லை என்பதுதான் வேதனை.

ஒரு விதி பிழைத்தால் ஏன் இத்தனை கேடு என்று கேட்கலாம். வடிகட்டி ஒரே காரணத்தை வைத்துத் தீர்ப்பளிப்பதில்லை. நூற்றுக்கணக்கான சோதனைகளை நடத்தி, ஐயத்துக்குரிய ஒவ்வொரு குறிக்கும் மதிப்பெண் கூட்டுகிறது. நம்பத்தக்க குறிகளுக்குக் குறைக்கிறது. கூட்டுத்தொகை 5-ஐ எட்டினால் அது குப்பை. அந்தத் தேதி விதி மட்டும் 3.6 வரை சேர்த்தது. பாவமறியாத கடிதம் ஒன்று இன்னும் 1.4 மதிப்பெண் பெற்றால் போதும், கதை முடிந்தது.

இந்த 5 என்ற வரம்பே கடுமையானது. தனிநபர் பயன்பாட்டுக்குப் பொருத்தமானது. பலருக்குச் சேவை வழங்கும் நிறுவனங்கள் 8 அல்லது 10 என வைத்துக்கொள்ளலாம் என்று அம்மென்பொருளின் கையேடே பரிந்துரைக்கிறது. ஆனால், நிறுவிய நாளில் இருந்த எண்ணை மாற்றாமலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவோர் பலர்.

வடிகட்டி இருவகையில் தவறலாம். குப்பையை உள்ளே விடுவது ஒன்று. நல்ல கடிதத்தைத் தடுப்பது மற்றொன்று. முதல் தவறு எல்லோர் கண்ணிலும் படும், புகார் வரும். இரண்டாம் தவறு நிகழ்ந்ததே பெரும்பாலும் தெரியாது. வராத கடிதத்தைப் பற்றி யார் புகார் செய்வார்? நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும், காப்பீட்டைப் புதுப்பிக்கக் கோரும் நினைவூட்டலும், வழக்குரைஞர் அனுப்பும் அறிவிப்பும் இன்று மின்னஞ்சலில்தான் வருகின்றன. எனவே, புகார்களின் எண்ணிக்கையைப் பார்த்து வடிகட்டியை மேலும் மேலும் இறுக்குவது தவறான அளவுகோல் என்றே சொல்ல வேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் இரக்கம் காட்டுவதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 13-ஆவது பிரிவின்படி, இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத நிலையில், பெறுநர் குறிப்பிட்டுக் கொடுத்த கணினி அமைப்புக்குள் மின்னணு ஆவணம் நுழையும் நேரமே அது பெறப்பட்ட நேரம். பெறுநர் அதைப் படித்தாரா, அது எந்தக் கோப்புறையில் விழுந்தது என்பதை அப்பிரிவு கேட்பதில்லை.

இதனால்தான், ஐயத்துக்குரிய கடிதத்தை என்ன செய்வது என்ற முடிவு மிக முக்கியமானது. ஸ்பேம்அசாசின் தானாக எதையும் அழிப்பதில்லை. மதிப்பெண்ணை எழுதி ஒட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அழிப்பதும் ஒதுக்குவதும் அதனுடன் இணைந்த பிற மென்பொருள்களின் வேலை. அதாவது, சர்வரை அமைத்தவரின் முடிவு. கடிதத்தை ஏற்றுக்கொண்டதாக அனுப்பும் சர்வருக்குச் சொல்லிவிட்டுப் பின்னர் ஓசையின்றி அழிப்பதே இருப்பதில் மோசமான வழி. அனுப்பியவர் சேர்ந்துவிட்டது என்றிருப்பார். பெறுநருக்கோ வந்ததே தெரியாது. ஏற்ற பிறகு திருப்பி அனுப்புவதும் தீர்வன்று. குப்பை அஞ்சல்களில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலியானது என்பதால், சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெட்டியில் அந்தத் திருப்பங்கள் குவியும். சர்வர்கள் இரண்டும் தொடர்பில் இருக்கும்போதே, ஏற்கும் முன் மறுத்துவிடுவதுதான் நேர்மையான முறை. அப்போது அனுப்பியவர் நல்லவராக இருந்தால், கடிதம் போகவில்லை என்ற தகவல் அவருடைய சர்வரிலிருந்தே அவருக்குக் கிடைத்துவிடும், தொலைபேசியிலாவது அழைப்பார்.

விதிகளைப் போலவே, வெளியார் தரும் தடுப்புப் பட்டியல்களும் காலாவதியாகின்றன. பாதுகாப்பற்ற சர்வர்களின் முகவரிகளைத் தொகுத்து வழங்கிய 'ஓஆர்டிபி' என்ற சேவை 2006 டிசம்பரில் மூடப்பட்டது. ஆனாலும் ஏராளமான சர்வர்கள் அதனிடம் வினவுவதை நிறுத்தவில்லை. 2008 மார்ச்சில், கேட்கப்படும் எந்த முகவரிக்கும் 'ஆம், தடுக்கப்பட வேண்டியதே' என்ற பதிலை அது அளிக்கத் தொடங்கியது. மூடிய கடையின் கதவை ஓராண்டுக்கும் மேலாகத் தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றுதான் உறைத்தது. உலகம் முழுவதுமே குப்பை எனக் கருதி, எல்லாக் கடிதங்களையும் அவர்களின் சர்வர்கள் மறுத்துக்கொண்டிருந்தன.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. கூகுள் போன்ற நிறுவனங்களின் பொது டிஎன்எஸ் சேவை வழியாகத் தடுப்புப் பட்டியலை வினவினால், பல பட்டியல்கள் பதிலளிக்க மறுத்துவிடும். அப்போது கடிதத்தின் தலைப்பு வரிகளில் 'பிளாக்டு' என்று முடியும் குறிப்பு ஒன்று தோன்றும். கடிதம் தடுக்கப்பட்டதாகப் பலர் அதைப் பிழையாகப் படிக்கின்றனர். தடுக்கப்பட்டது கடிதமன்று, வினாதான். சர்வரிலேயே சொந்தமாக ஒரு டிஎன்எஸ் சேவையை இயக்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

உண்மையில், பழுது நீக்குவதில் பாதி வேலை அந்தத் தலைப்பு வரிகளைப் படிப்பதில்தான் இருக்கிறது. எந்தெந்த விதிகள் பாய்ந்தன, மொத்தம் எவ்வளவு, வரம்பு எவ்வளவு என ஒவ்வொரு கடிதத்திலும் வடிகட்டி எழுதியே வைக்கிறது. அதைப் பாராமல், தவறிய கடிதத்தின் முகவரியை 'நம்பகமானோர்' பட்டியலில் சேர்ப்பதே வழக்கமாகிவிட்டது. சிலர் தங்கள் நிறுவன முகவரிகள் அனைத்தையும் அதில் சேர்த்துவிடுகின்றனர். அனுப்புநர் முகவரியைப் போலியாக எழுதுவது எளிது. மேலதிகாரியின் பெயரில் பணம் கேட்கும் மோசடிக் கடிதத்துக்கு இதைவிட அகலமான கதவு வேண்டியதில்லை. அனுப்பிய களத்தின் உண்மைத்தன்மையை உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் சோதனைகளில் தேறினால் மட்டுமே விலக்கு என்று அமைக்கவும் வசதி இருக்கிறது.

வடிகட்டிக்குக் கற்றுக்கொள்ளும் திறனும் உண்டு. எந்தச் சொல் குப்பையில் மிகுதி, எது நல்ல கடிதங்களில் மிகுதி என்று கணக்கிடும் பேயீசிய முறையை 2002-இல் பால் கிரகாம் எழுதிய கட்டுரை பரவலாக்கியது. ஸ்பேம்அசாசினில் 200 குப்பைக் கடிதங்களும் 200 நல்ல கடிதங்களும் காட்டப்படும் வரை இது செயல்படாது. குப்பையை மட்டும் காட்டி, நல்லதைக் காட்ட மறந்தவர்களுக்கு அது என்றைக்கும் தொடங்குவதே இல்லை. நிர்வாகியின் கணக்கில் பயிற்சி கொடுத்துவிட்டு, வடிகட்டியை வேறு கணக்கில் ஓடவிடுவது இன்னொரு பிழை. கற்றது ஓரிடம், தேர்வெழுதுவது வேறிடம்!

தமிழில் கடிதம் எழுதுவோருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கடிதத்தின் மொழியை ஊகித்து, நிர்வாகி குறிப்பிட்ட மொழிகளில் இல்லாதவற்றுக்கு மதிப்பெண் கூட்டும் கூடுதல் வசதி ஒன்று ஸ்பேம்அசாசினில் உள்ளது. அதை இயக்கி, அனுமதிக்கப்பட்ட மொழி ஆங்கிலம் மட்டும் என எழுதிவிட்டால், தமிழ்க் கடிதம் மொழியின் பெயராலேயே பாதிக் கிணற்றுக்குத் தள்ளப்படும். அந்த மென்பொருளுக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. அது அறிந்த மொழிகளின் பட்டியலில் தமிழும் இருக்கிறது. தமிழ்நாட்டு நிறுவனங்களும் கல்லூரிகளும் தங்கள் சர்வரில் அந்த ஒரு வரியைச் சரிபார்ப்பது நல்லது.

தவறிய கடிதம் பற்றிப் புகார் செய்ய வழி இருக்க வேண்டும் என்பதற்காகவே, அஞ்சல் பெறும் ஒவ்வொரு களமும் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற முகவரியை ஏற்க வேண்டும் என்று மின்னஞ்சலுக்கான இணையத் தரநிலை கூறுகிறது. தடுக்கப்பட்ட கடிதத்தைச் சான்றாக இணைத்து ஒருவர் அங்கே எழுதும்போது, அந்தப் புகாரும் அதே காரணத்துக்காக அதே வடிகட்டியில் சிக்கிவிடலாம். ஆதலால், அந்த முகவரிக்கு மட்டும் வடிகட்டலைத் தளர்த்தி, வருவதை மனிதர் ஒருவர் நாள்தோறும் படிக்கும்படி அமைக்க வேண்டும்.