கல்லாவுக்குக் காவல் கைத்துப்பாக்கியா?

குடியாத்தத்திலும் சுற்று வட்டாரத்திலும் மளிகைக் கடை, மண்டி நடத்தும் நம்மில் பலர், இரவு கல்லாவை எண்ணி முடித்து, பணத்துடன் தனியாக வீடு திரும்புகிறோம். பண்டிகைக் காலத்தில் கையில் உள்ள தொகையும் அதிகம். "தற்காப்புக்கு ஒரு துப்பாக்கி வாங்கினால் என்ன? எந்த அளவு நல்லது?" என்ற கேள்வி எழுவது இயற்கையே. வணிகப் பெருமக்கள் இதில் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில் அளவு. குழலின் உள் விட்டத்தையொட்டி 9 மி.மீ., 0.38, 0.32 என்று துப்பாக்கிகளை வகைப்படுத்துகிறார்கள். 0.32 என்பது அங்குலக் கணக்கு. ஏறத்தாழ 8 மி.மீ. நம் நாட்டில் 9 மி.மீ., 0.38 ஆகியவை தடை செய்யப்பட்ட ரகங்கள். வணிகர் ஒருவருக்குக் கைத்துப்பாக்கி உரிமம் கிடைத்தால், பெரும்பாலும் வாங்குவது 0.32 தான். அதாவது, அளவைத் தேர்ந்தெடுக்கும் வேலையைச் சட்டமே பெருமளவு முடித்துவிட்டது.

எஞ்சியிருப்பது ரிவால்வரா, பிஸ்டலா என்பதே. ரிவால்வரில் சுழலும் உருளையில் 6 தோட்டாக்கள் இருக்கும். ஒன்று வெடிக்காவிட்டால் விசையை மீண்டும் அழுத்தினால் அடுத்தது வரும். பிஸ்டல் தட்டையானது, ஆனால் கையாளக் கூடுதல் பழக்கம் வேண்டும். இரண்டும் 0.32 என்றாலும் ஒன்றின் தோட்டா மற்றொன்றுக்குப் பொருந்தாது. 2014-இல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற 0.32 ரிவால்வரை வெளியிட்டது. எடை சுமார் அரைக் கிலோ. அன்றைய விலை ஏறத்தாழ 1,22,000 ரூபாய்.

0.32 சிறியதாயிற்றே என்பார்கள். 1986-இல் அமெரிக்காவின் மயாமி நகரில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்தனர். அதன் பிறகு அத்துறை பெரிய தோட்டாக்களுக்கு மாறியது. சில பத்தாண்டுகள் கழித்து மீண்டும் 9 மி.மீ.க்கே திரும்பியது. தோட்டாவின் பருமனைவிட, அது குறி தவறாமல் படுவதே முக்கியம் என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு. பயிற்சி இல்லாத கையில் எந்த அளவும் பயன் தராது.

இனி உரிமம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். குடியாத்தத்தார் வேலூர் ஆட்சியரிடமும், 2019-இல் மாவட்டம் பிரிந்ததால் ஆம்பூர், வாணியம்பாடியார் திருப்பத்தூர் ஆட்சியரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். காவல் துறை விசாரணை நடக்கும். உயிருக்கு உண்மையான ஆபத்து உண்டு என்று காட்ட வேண்டியிருக்கும், கேட்டவர்க்கெல்லாம் கிடைத்துவிடாது. கிடைத்தாலும், தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். உரிமமின்றி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால், 2019 திருத்தத்தின்படி 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

சுடும் உரிமைக்கும் எல்லை உண்டு. 1-7-2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பேசுகின்றன. கொள்ளை, இரவில் கன்னமிடுதல் போன்றவற்றில் உரிமை விரிவானது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. பணப்பையோடு ஓடுகிறவன் முதுகில் சுட்டால், வழக்கு நம் மீதே திரும்பும்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திருடன் வரும்போது நாம் தராசில் இருப்போம், அல்லது ஷட்டரை இறக்கிக் குனிந்திருப்போம். துப்பாக்கி இருக்கும் இடம் கல்லாப்பெட்டியானால், வேலைப் பையனோ வீட்டுப் பிள்ளையோ எடுத்துவிடும் ஆபத்து ஆண்டு முழுவதும் உண்டு.

எனவே, உயிருக்கு மிரட்டல் உள்ளவர் முறைப்படி விண்ணப்பித்து, பயிற்சி பெற்று, 0.32 ரிவால்வரைப் பூட்டிய பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். மற்ற நமக்கெல்லாம், பகலிலேயே பணத்தை வங்கியில் கட்டுவதும், ஒரே நேரம் ஒரே வழி என்றில்லாமல் இருவராகச் செல்வதும், கடைவாசலில் விளக்கும் கேமராவும் வைப்பதும், கடையிலும் வழியிலும் உள்ள பணத்துக்குச் சேர்த்துக் காப்பீடு எடுப்பதுமே நல்ல காவல். போன பணத்தைச் சம்பாதித்துவிடலாம். உயிரை எந்த மண்டியிலும் கொள்முதல் செய்ய முடியாது.